நம்ம ஊர் குளிருக்கும் தேர்மல் பேஸ்ட் வேண்டும்

"நுவரெலியாக் குளிருக்குப் பேஸ்ட் எதுக்கு அண்ணே, ஜன்னலைத் திறந்து வச்சா போதாதா?" புதிதாகக் கம்ப்யூட்டர் பூட்டும் தம்பிமார் இதைப் பாதி விளையாட்டாகத்தான் கேட்கிறார்கள். மீதிப் பாதி நம்பிக்கை. எனக்குச் சண்டை அந்தப் பாதியோடுதான். தேர்மல் பேஸ்ட் என்றால், கம்ப்யூட்டரின் மூளையான புரொசசருக்கும் அதைக் குளிர வைக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் பசை.

கூலரின் ஹீட் சிங்க் தகடுகளுக்குள் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) போகும் காற்று கொழும்பை விடப் பத்துப் பாகை குறைவாக இருந்தால், புரொசசரும் கிட்டத்தட்டப் பத்துப் பாகை குறைவாக ஓடும். உண்மைதான். ஆனால் சூடு முதலில் அந்தத் தகடு வரைக்கும் வந்து சேர வேண்டுமே! புரொசசரின் மூடியும் கூலரின் அடியும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் இரண்டிலும் மேடு பள்ளம் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் சில இடங்களில்தான் உலோகம் உலோகத்தைத் தொடும், மிச்சம் காற்று. சூட்டைக் கடத்துவதில் செம்புக்கு ஏறத்தாழ 400 என்றால், நல்ல பேஸ்டுக்கு 5 முதல் 12 வரை, காற்றுக்கு 0.026. பேஸ்டின் வேலை அந்தக் காற்றை விரட்டுவது மட்டுமே. செம்போடு பார்த்தால் அதுவும் மந்தம்தான், அதனால் மெல்லியதாக இருந்தால் போதும்.

இன்னொன்றையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்தை விட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்று கனம் குறைந்தது. குளிர் தருவதில் கொஞ்சத்தை உயரம் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

சரி, எப்படிப் பூசுவது? புள்ளியா, கோடா, பெருக்கல் குறியா என்று இரவெல்லாம் அடித்துக்கொள்கிறார்கள். கூலரை இறுக்கும்போது அழுத்தமே அதைப் பரப்பிவிடும். நடுவில் ஒரு பட்டாணி அளவு, இன்டெலின் எல்ஜிஏ1700 சொக்கெட்டில் (மதர்போர்டில் புரொசசர் உட்காரும் இடம்) பூட்டுவது மாதிரி நீளமான புரொசசர் என்றால் ஒரு கோடு. கூடிப்போனால் ஓரத்தில் வழியும், துடைத்தால் சரி. சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது. ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவதுதான் முக்கியம். அப்புறம் புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தாள், பூட்டுவதற்கு முன் உரிக்க வேண்டியது. டவுனில் ஒரு கடை பூட்டிக் கொடுத்த மெஷின், சூடு தாங்காமல் அணைந்து அணைந்து போகிறது என்று கொண்டுவந்தார்கள். திறந்தால், பேஸ்ட் வெகு அழகாகப் பரவியிருக்கிறது, உரிக்காத தாளின் மேல்!

பல் விளக்கும் பேஸ்ட்டும் ஆகும் என்பவர்களுக்கு: முதல் நாள் ஆகும். ஈரம் காய்ந்ததும் கதை முடிந்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேஸ்ட் மாற்று என்று காசு வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. நல்ல பேஸ்ட் சில வருடமாவது தாக்குப்பிடிக்கும். தோட்டத்து லயத்து வீடுகளில் பேஸ்ட்டை விடப் பெரிய எதிரி விறகடுப்புப் புகை. ஃபேனிலும் தகடுகளுக்கு இடையிலும் தூசியோடு சேர்ந்து பிசுபிசுவென்று படிந்து காற்று போகிற வழியையே அடைத்துவிடும். முதலில் அதைச் சுத்தம் பண்ணிப் பாருங்கள். பேஸ்ட்டுக்குக் கை வைப்பது அதற்குப் பிறகு.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஏஎம்டி புரொசசருக்கான ஏஎம்4 சொக்கெட் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் கவனம். அதில் பின்கள் புரொசசரின் அடியில் இருக்கும். விடியற்காலைக் குளிரில் பழைய பேஸ்ட் பிசின் மாதிரி இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால், புரொசசரும் சொக்கெட்டை விட்டுக் கூடவே வரலாம், பின்கள் வளையலாம். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, வயரைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள். பழையதை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் வாங்கலாமா என்று கேட்டால், கூலரின் அடி அலுமினியமா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். திரவ உலோகத்திலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.