‘கிரீன் நியூ டீல்’ மாடுகளையும் விமானங்களையும் தடை செய்யச் சொன்னதா?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்டெஸ் மாடு வளர்ப்பையும் விமானப் பயணத்தையும் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தார் என்று பரவும் செய்தி தவறானது. 2019 பிப்ரவரி 7 அன்று அவரும் செனட்டர் எட் மார்க்கியும் முன்வைத்த ‘கிரீன் நியூ டீல்’ என்ற பருவநிலை மாற்றத் தடுப்புத் திட்டம், நிறைவேறியிருந்தாலும் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத ஒரு தீர்மானம் மட்டுமே. அதில் மாடு, விமானம் என்ற சொற்களே இல்லை. விவசாயிகளோடும் கால்நடை வளர்ப்போரோடும் இணைந்து, தொழில்நுட்பம் இடம்தரும் அளவுக்கு வேளாண் துறையின், புவியை வெப்பமாக்கும் பசுங்குடில் வாயு உமிழ்வை அகற்ற வேண்டும் என்றும், அதிவேக ரயில் போன்றவற்றில் முதலீடு வேண்டும் என்றும்தான் அது கூறுகிறது.

வதந்தியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஒகாசியோ-கோர்டெஸின் அலுவலகம் இணையத்தில் வெளியிட்டுப் பின்னர் நீக்கிய கேள்வி-பதில் குறிப்பில், பத்தாண்டுகளுக்குள் மாடுகளையும் விமானங்களையும் முழுமையாக அகற்ற முடியுமா என்பது உறுதியில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கவனமின்றி எழுதப்பட்ட அந்த வரியை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அது தீர்மானத்தின் பகுதியன்று. தீர்மானமும் நிறைவேறவில்லை: 2019 மார்ச் 26 அன்று செனட்டில் அதை விவாதத்துக்கு எடுப்பதற்கான வாக்கெடுப்பில் 57 பேர் எதிர்த்தனர், எஞ்சிய 43 பேர் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் தங்கள் வருகையை மட்டும் பதிவு செய்தனர்.