ஏதென்ஸில் எல்லாப் பதவிக்கும் தேர்தல் நடந்ததா?

பழைய ஏதென்ஸில் அரசுப் பதவி எல்லாமே மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் நிரப்பப்பட்டது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலர் அதை அப்படியே பகிர்வதால் இதைச் சொல்கிறேன். அங்கே பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். குடிமக்களைப் பிரித்து வைத்திருந்த பத்துக் குலங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் 50 பேர் வீதம், 500 பேர் கொண்ட மன்றத்தையே குலுக்கித்தான் எடுத்தார்கள், அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். ஓட்டு கிடையாதா என்றால், இருந்தது. பத்துப் படைத்தளபதிகளையும் வேறு சில பதவிகளையும் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள் (போரில் யாரும் அதிர்ஷ்டத்தை நம்பத் தயாரில்லை போல!).

சரிபார்ப்பது சுலபம். அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள 'ஏதென்ஸ் அரசமைப்பு' நூலின் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, 43ஆம் பகுதியைத் திறந்தால் எந்தப் பதவிக்குக் குலுக்கல், எதற்குக் கை தூக்கல் என்று தொடக்கத்திலேயே இருக்கும். அப்புறம், ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் குலுக்கல் கல்லே இருக்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள்: பெயர்த் தகடு செருகுவதற்கு வரிசை வரிசையாகப் பிளவு வெட்டிய கல்பலகை.