டீயைவிட டீ குடிக்கும் நேரத்தைப் பாருங்கள்

டீ குடித்தால் எலும்பு பலமாகும் என்ற செய்தி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வு அது. 65 வயது தாண்டிய சுமார் 10,000 அமெரிக்கப் பெண்களின் பத்தாண்டு விவரங்களைப் பார்த்தார்கள். டீ குடித்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சற்றே கூடுதல். ஒரு நாளைக்கு ஐந்து கப்புக்கு மேல் காபி குடித்தவர்களுக்குக் குறைவு. வித்தியாசம் மிகச் சிறியது. அது டீயால்தான் வந்தது என்றும் இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இதைக் காட்டி நீலகிரியில் யாரும் "இன்னும் ரெண்டு கிளாஸ் குடிங்கம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். இங்கே நம் அம்மாக்களுக்கு எலும்பு தேய்வது டீ போதாமல் இல்லை.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆர். 100 மில்லி பாலில் இருப்பது ஏறத்தாழ 120. ஒரு கிளாஸ் டீயில் 30 மில்லி பால் விழுந்தால் 36 மில்லிகிராம்; ஐந்து கிளாஸுக்கு 180. "பால் டீதானே குடிக்கிறேன்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பால் விடாத வர டீயும் வர்க்கி ரொட்டியுமே காலைச் சாப்பாடு என்றால் அதுவும் இல்லை. 50 கிராம் ராகி மாவில் கஞ்சியோ களியோ செய்தால் 170-க்கு மேல் கிடைக்கும். கூடவே ஒரு கிண்ணம் தயிர். இந்த மலையில் ஒரு காலத்தில் ராகியும் சாமையும்தான் சாப்பாடு, அதை விட்டது பெரிய நஷ்டம்.

டீ, காபியில் இருக்கும் கஃபீன் சிறுநீர் வழியாகக் கால்சியத்தைக் கொஞ்சம் வெளியேற்றும், உண்மைதான். ஒரு கப்பால் போவதை ஓரிரு மேஜைக்கரண்டி பால் ஈடுகட்டிவிடும். நாளைக்கு மூன்று நான்கு கப் டீக்குப் பயப்பட வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும் தவிர்த்தால் இரும்புச்சத்து வீணாகாது.

உண்மையான சிக்கல் மாத்திரையில்தான். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். குளிருக்கு இதமாக டீயிலேயே விழுங்குகிறவர்கள் உண்டு. இந்த மருந்து வெறும் வயிற்றிலேயே மிகக் கொஞ்சம்தான் உடலில் சேரும். காபியோடு போட்டால் அதிலும் 60 சதவீதம் போய்விடும். பால் டீயில், மருந்தைச் சேரவிடாத கால்சியம் வேறு இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆற்றிக் குடிக்கலாம். அதன்பின் அரை மணி நேரம் உட்காரலாம், நடக்கலாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மறுபடி படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். டீ அதற்கப்புறம்தான். கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும்.

இன்னொன்று, சாயங்காலம் இருட்டிய பிறகு டீ வேண்டாம். ராத்திரி இரண்டு முறை எழுந்து வெளிக் கழிப்பறைக்குப் போகிற எஸ்டேட் லயன் வீடுகளில், பாசி படிந்த படியில் ஒரு வழுக்கு போதும் இடுப்பெலும்பு முறிய.

உயரம் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, முதுகு கூன் விழ ஆரம்பித்தாலோ, லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருந்தாலோ "வயசாச்சு" என்று விடாமல் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஸ்கேனில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ராகியும் தயிரும் மட்டும் போதாது, மருந்து வேண்டும்.