கொழுந்தையே தேடித் தின்னும் ஆடுகள்

பண்ணையில் ஆடும் கோழியும் வைத்துக்கொண்டு காய்கறியும் பயிரிடுவது தினமும் வயிற்றெரிச்சல்தான். ஆட்டுக்குப் பச்சைப் புல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதை முகர்ந்துகூடப் பார்க்காமல், வேலி இடுக்கில் தலையை நுழைத்து முட்டைக்கோஸ் நாற்றின் நடுக்கொழுந்தைக் கடிக்கிறது. ஓரத்து இலையைத் தின்றாலாவது செடி தேறிக்கொள்ளும். கொழுந்து போன செடியில் கோஸ் உருண்டு கட்டவே கட்டாது. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் நறுக்காமல் இழுத்துப் பறிக்கிறது. புதிதாக நட்ட நாற்று வேரோடு வந்துவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியில் குழி மட்டும் இருக்கிறது.

கோழி இன்னும் மோசம். அதற்குச் செடிகூட வேண்டாம், புழு வேண்டும். ஈரம் காயாமலிருக்கப் பரப்பிய மூடாக்கை ஒரே மணி நேரத்தில் கிளறி வாய்க்காலில் தள்ளிவிடுகிறது. விதைத்த பாத்தியின் பொலபொலப்பான மண்ணில்தான் அதற்குப் புழுதிக் குளியலும்.

வேலியை உயர்த்து என்கிறார்கள். எவ்வளவு உயர்த்துவது? ஆடு பின்னங்காலில் நின்று, கம்பி வலையை முன்னங்கால்களால் அழுத்தி அழுத்தித் தொய்ய வைத்துவிடுகிறதே! பசியில் தின்றால்கூட மனம் ஆறும். கட்டித் தொங்கவிட்ட புல்லை விட்டுவிட்டு வந்தல்லவா என் கொழுந்தில் வாய் வைக்கிறது!