அந்த சோலோவை வாசித்தது ஜிம்மி பேஜ் அல்ல

சிங்கப்பூரில் கிட்டார் பழகும் நம் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1964ஆம் ஆண்டுப் பாடல் ‘யூ ரியலி காட் மீ’யில் வரும் கிட்டார் சோலோ (தனி வாசிப்பு), பின்னாளில் லெட் செப்பெலின் குழுவில் புகழ்பெற்ற ஜிம்மி பேஜ் வாசித்தது, பெயரை மறைத்துவிட்டார்கள் என்கிறது அது. தவறான தகவல்.

வாசித்தவர் கிங்க்ஸின் சொந்த கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ். அப்போது அவருக்கு வயது 17. பாடலில் கிட்டார் எழுப்பும் அந்தக் கரகர ஒலியும் அவர் கைவண்ணம்தான். எல்பிகோ என்ற சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறிவிட்டு, அதைப் பெரிய ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தார். கிழிந்த கூம்பு அதிர்ந்து அந்த ஒலி வந்தது. ஒரு பையன் தானே கண்டுபிடித்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவது அநியாயம். சோலோ பேஜ் வாசித்தது என்பதை பேஜும் பாடலின் தயாரிப்பாளர் ஷெல் டால்மியும் மறுத்திருக்கிறார்கள்.

சரி, பேச்சு எப்படிக் கிளம்பியது? பேஜ் அப்போது லண்டன் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்த கிட்டார் கலைஞர். அப்படிப்பட்டவர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் போடுவது அபூர்வம். இதே பாடலுக்கு டிரம்ஸ் வாசித்த பாபி கிரஹாமும் வெளியிலிருந்து வந்தவர்தான். கிங்க்ஸின் முதல் ஆல்பத்தில் வேறு சில பாடல்களுக்கு பேஜ் ரிதம் கிட்டார் (பாட்டுக்குப் பின்னணியாக வாசிப்பது) வாசித்ததாக டால்மியே சொல்லியிருக்கிறார். இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.

ஸ்டூடியோ நாட்களில் பேஜ் நிஜமாகவே வாசித்ததைக் கேட்க வேண்டுமா? தி ஹூ குழுவின் ‘ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்’ பாடலில் ரிதம் கிட்டாரைக் கவனியுங்கள்.