அல்சூர் மழை மேட்டூருக்குப் போகாது

“பெங்களூரில் பெய்யும் மழையெல்லாம் காவிரிக்குத்தான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

நகரம் சுமார் 900 மீட்டர் உயர மேட்டின் முதுகில் இருக்கிறது. பசவனகுடிப் பக்கம் விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகக் காவிரியில் சேரும். அல்சூர் ஏரி வழிந்தாலோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தொட்டுத் தென்பெண்ணையில் விழுந்து, ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர்தான். கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவதற்குப் பெங்களூர்க் கழிவும் காரணம்.

நகரத்தின் அடியில் பெரும்பாலும் ஒரே மாதிரியான நைஸ் (gneiss) என்னும் கடினப் பாறை. அதனால் ஓடைகள் மரக்கிளைபோல் கூர்ங்கோணத்தில் சேர்கின்றன. நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சம உயரக்கோட்டு வரைபடத்தில் (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைக்கும் வரைபடம்) பார்க்கலாம்: ஓடையைக் கடக்கும் கோடு V வடிவ ஆப்புபோல் மடங்கும். கூர்முனை மேட்டைக் காட்டும், நீர் எதிர்ப்பக்கம் ஓடும்.