எம்.ஐ.சி. எண் சின்னதாக இருந்தால் நல்ல மருந்து என்று அர்த்தமில்லை

"கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்த மருந்துக்கு நேரே எண் சின்னதாக இருக்கிறதோ, அதுதான் ஈ.கோலைக்கு நன்றாகக் கேட்கும்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். (கல்ச்சர் ரிப்போர்ட் என்றால் நோயாளியின் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கிறது என்று பார்த்துத் தரும் அறிக்கை; ஈ.கோலை சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா.) இது தவறு. சிறுநீர்த் தொற்றோடு இருப்பவர் இதை நம்பினால், வேலை செய்யாத மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார்.

அந்த எண்தான் எம்.ஐ.சி.: கிருமி வளராமல் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு, மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில். மருந்து கேட்குமா கேட்காதா என்று பிரிக்கும் எல்லைக்கோடு மருந்துக்கு மருந்து வேறு. சி.எல்.எஸ்.ஐ. (ஆய்வகச் சோதனைகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) அளவுகோல்படி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.25 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். 1 வந்தாலே எதிர்ப்பு, அதாவது கிருமிக்கு மருந்து கேட்காது. நைட்ரோஃப்யூரன்டாயினுக்கு 32 வரை சரி. ஆக, சிப்ரோ 1, நைட்ரோ 16 என்று ரிப்போர்ட் வந்தால் கேட்கக்கூடியது 16 போட்டிருப்பதுதான். நைட்ரோ சிறுநீரில் மிக அதிகமாகச் சேர்வதால் அதன் எல்லை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. ஆனால் ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு தங்காது. குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியுமாகத் தொற்று மேலே ஏறியிருந்தால், 'எஸ்' (மருந்து கேட்கும்) என்று போட்டிருந்தாலும் அது போதாது.

வட்டு முறையில் வரும் மில்லிமீட்டரும் இப்படித்தான். அதில் மருந்து தோய்ந்த வட்டைக் கிருமி வளரும் தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை அளப்பார்கள். 20 மி.மீ. வட்டம் நைட்ரோவுக்குத் தேர்ச்சி (17 போதும்), சிப்ரோவுக்கு எதிர்ப்பு (26 வேண்டும்). தட்டில் கிருமியை வளர்க்கும் கூழான அகாரை 4 மி.மீ.க்கும் மெல்லிசாக ஊற்றிவிட்டால் வட்டம் பொய்யாகப் பெரிதாகும். கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்டைவிட (கரைசலின் கலங்கலை ஒப்பிடும் தர அளவு) அடர்ந்தால் வட்டம் சுருங்கும்.

எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் எஸ் (கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (எதிர்ப்பு) எழுத்தைப் பார்த்து, தொற்று எங்கே இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.